'நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?' - சி.எம்.எல் ரத்தப் புற்றுநோய்... ஏ டு இசட்

ரத்தப் புற்றுநோய் என்றதும் உங்கள் மனதில் என்ன காட்சி ஓடுகிறது? ஹீரோ இருமுவார், கைக்குட்டையில் ரத்தம் இருக்கும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே 'இன்னும் மூணே மாசம்தான்' என்பார். நம் சினிமா பல வருடங்களாக நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அந்தப் பாடத்தில் அடங்காத ஒரு ரத்தப் புற்றுநோயும் இருக்கிறது. அது வந்தவர்களில் பலர் இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய், இ.எம்.ஐ கட்டி, பிள்ளைகளை ஸ்கூலில் விட்டு, நம்மோடு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள். பார்த்தால் தெரியவே தெரியாது.

அதன் பெயர் கிரானிக் மைலாய்டு லுகேமியா. சுருக்கமாக சி.எம்.எல். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு மட்டுமே வரும் அரிய நோய். மேலை நாடுகளில் பெரும்பாலும் 60 வயதை ஒட்டியவர்களிடம் கண்டுபிடிக்கப்படுகிறது. இந்தியாவிலோ 30-களிலும் 40-களிலும் இருப்பவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். வேலை, கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை வேகமெடுக்கும் வயது அது.

இந்த நோய்க்கு நல்ல மருந்து வந்துவிட்டது. இப்போது இருக்கும் பெரிய ஆபத்துகளில் ஒன்று, 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்ற நினைப்பில் அந்த மருந்தை நிறுத்திவிடுவது. அது ஏன் ஆபத்து என்று புரிய, முதலில் இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது?

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தின் ஃபேக்டரி. ஆக்ஸிஜன் சுமக்கும் சிவப்பணுக்கள், கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் என எல்லாமே அங்குள்ள ஸ்டெம் செல்களில் இருந்துதான் பிறக்கின்றன. எது எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் தயாராகும்.

சி.எம்.எல்-லில் ஒரே ஒரு ஸ்டெம் செல்லில் கோளாறு தொடங்குகிறது. அது தன்னைப் போலவே பல்கிப் பெருகி, தேவையே இல்லாமல் வெள்ளையணுக்களைத் தயாரித்துத் தள்ளுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள், ஒரு லட்சத்தைத் தாண்டிக்கூடப் போகும். 1840-களில் இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்த ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ, கிரேக்க மொழியில் 'வெள்ளை ரத்தம்' என்று பொருள்படும்படி இதற்கு லுகேமியா என்று பெயர் வைத்தார்.

லுகேமியாவில் அக்யூட், கிரானிக் என இரண்டு வகை உண்டு. அக்யூட் என்றால் சில நாள்களில், வாரங்களில் ஆளைப் படுக்கவைத்துவிடும். கிரானிக் என்றால் மெதுவாக, சத்தம் போடாமல் வளரும். சி.எம்.எல் இரண்டாவது வகை. அதனால்தான் பலருக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை.

இடம் மாறி ஒட்டிய இரண்டு துண்டுகள்

நம் ஒவ்வொரு செல்லிலும் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. உடம்பை எப்படி நடத்த வேண்டும் என்ற குறிப்புகள் எழுதிய புத்தகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.எம்.எல்-லில் 9-ம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களும் 22-ம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களும் கிழிந்து, பைண்டிங் பண்ணும்போது ஒன்றின் பக்கங்கள் இன்னொன்றில் மாறி ஒட்டிக்கொள்கின்றன.

இதன் முதல் தடயத்தை 1960-ல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சி.எம்.எல் நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் விநோதமாகக் குட்டையாக இருந்தது. அவர்கள் வேலை பார்த்த ஊரின் பெயராலேயே அதற்கு 'ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்' என்று பெயர் வந்தது. ஒரு புற்றுநோய்க்கும் ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் கோளாறுக்கும் நேரடித் தொடர்பு இருப்பது தெரியவந்தது அதுதான் முதல்முறை.

சரி, குட்டையான குரோமோசோமின் மீதித் துண்டு எங்கே போனது? அதற்கான விடையை 1973-ல் சிகாகோவின் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் கண்டுபிடித்தார். குரோமோசோம் போட்டோக்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கத்தரித்து, ஜோடி சேர்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். 22-ல் காணாமல்போன துண்டு 9-ல் ஒட்டியிருப்பதையும், 9-ன் துண்டு 22-க்குப் போயிருப்பதையும் அவர் எடுத்துச் சொன்னார்.

இந்த இடமாற்றத்தில் தனித்தனியாக இருந்த இரண்டு ஜீன்கள் ஒட்டிப் புதிதாக ஓர் 'ஒட்டு ஜீன்' பிறக்கிறது. ரிப்போர்ட்டில் அதை பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்று போட்டிருப்பார்கள். கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட பி.சி.ஆரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது டெஸ்ட்டின் பெயர், இது ஜீனின் பெயர்.

இந்த ஒட்டு ஜீன் என்ன செய்கிறது? உங்கள் வீட்டு மொட்டைமாடி டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரை ஆஃப் செய்கிறோம். ஸ்விட்ச் 'ஆன்'-லேயே சிக்கிக்கொண்டால்? டேங்க் நிரம்பி, வழிந்து, தெருவெல்லாம் தண்ணீர் ஓடும். ஒட்டு ஜீன் தயாரிக்கும் புரதம், 'வளரு, பெருகு' என்று செல்லுக்கு இடைவிடாமல் உத்தரவிடும் அப்படியொரு சிக்கிய ஸ்விட்ச். டைரோசின் கைனேஸ் என்ற வகையைச் சேர்ந்தது.

ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கோளாறு பிறந்த பிறகு, மஜ்ஜையில் ஒரு செல்லில் நடப்பது. அப்பா அம்மாவிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை, தொற்றவும் செய்யாது. மிக அதிக அளவு கதிர்வீச்சு இதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது அணுகுண்டு வீச்சில் தப்பிய ஜப்பானியர்களிடம் தெரியவந்தது. மற்றபடி பெரும்பாலானவர்களுக்கு இன்ன காரணம் என்று சொல்ல முடியாது. 'நான் என்ன தப்பு செஞ்சேன்' என்று யாரும் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

எப்படித் தெரியும்?

பலருக்கு வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். வேலையில் சேர மெடிக்கல், மாஸ்டர் ஹெல்த் செக்கப், ரத்த தானம் என்று ஏதோ ஒன்றில் வெள்ளையணு எண்ணிக்கை எகிறியிருக்கும்.

அறிகுறிகள் இருப்பவர்களுக்கு, காரணமே இல்லாத களைப்பு, எடைக் குறைவு, ராத்திரியில் வியர்த்துக்கொட்டுவது ஆகியவை இருக்கலாம். மண்ணீரல் வீங்குவதால் இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கும். இரண்டு இட்லி சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். கேஸ் டிரபிள் என்று நினைத்து நாள் கடத்துபவர்கள் உண்டு.

இதைப் படித்துவிட்டு உடனே பயந்துவிடாதீங்க. களைப்புக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும். வெள்ளையணுக்கள் கூடுவதற்கும் சாதாரணத் தொற்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தாலோ, திரும்பவும் எடுத்துப் பார்த்தும் குறையாவிட்டாலோ, டாக்டர் அடுத்த கட்டத்துக்குப் போவார். ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, மஜ்ஜைப் பரிசோதனை, ஃபிலடெல்ஃபியா குரோமோசோமைத் தேடுவது, ஒட்டு ஜீனை அளக்கும் ஆர்.டி-பி.சி.ஆர் டெஸ்ட். ஒட்டு ஜீன் இருந்தால்தான் சி.எம்.எல் என்று உறுதியாகும்.

சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்த நோய் அமைதியாகவே இருந்துவிடாது. சில வருடங்கள் கிரானிக் கட்டத்தில் ஓடும். பிறகு வேகமெடுக்கும். கடைசியில் முதிராத செல்கள் மஜ்ஜையை ஆக்கிரமிக்கும் 'பிளாஸ்ட்' கட்டத்துக்குப் போகும். அது கிட்டத்தட்ட அக்யூட் லுகேமியாதான். அங்கே போய்விட்டால் மீட்பது மிகவும் கஷ்டம். அதனால் சிகிச்சையின் முழு நோக்கமே நோயை முதல் கட்டத்திலேயே கட்டிப்போடுவதுதான்.

ஸ்விட்ச்சை அடைக்கும் மாத்திரை

20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதற்கு இருந்த மருந்துகள் எண்ணிக்கையைக் குறைத்தனவே தவிர, நோயின் போக்கை மாற்றவில்லை. பிறகு வந்த இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்குப் பலன் தந்தது. ஆனால், தினமும் காய்ச்சல் அடித்த மாதிரியே இருக்கும். மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயைக் குணப்படுத்தும்தான். ஆனால், அதற்குப் பொருத்தமான கொடையாளி வேண்டும், உயிருக்கு ரிஸ்க்கும் உண்டு.

அந்த நேரத்தில் சில விஞ்ஞானிகள் எளிமையாக யோசித்தார்கள். எல்லாப் பிரச்னைக்கும் காரணம் ஒரு ஸ்விட்ச் என்றால், அதை மட்டும் அடைத்தால் என்ன? சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனம் ஒன்றில் நிக்கலஸ் லிடனின் குழு உருவாக்கிய வேதிப்பொருள்களை, அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் பிரையன் ட்ரூக்கர் என்ற மருத்துவர் சி.எம்.எல் செல்களில் சோதித்தார். அதில் ஒன்று புற்றுச் செல்களைக் கொன்றது, நல்ல செல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அதுதான் இமாட்டினிப்.

சிக்கிய ஸ்விட்ச் இயங்க அதற்கும் கரன்ட் வேண்டும் இல்லையா? ஏ.டி.பி என்ற மூலக்கூறுதான் அந்த கரன்ட். அது வந்து செருகும் ப்ளக் பாயின்ட்டில் இமாட்டினிப் போய் உட்கார்ந்து அடைத்துவிடும். அவ்வளவுதான், மோட்டார் நின்றுவிடும்.

1998-ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. வேறு சிகிச்சைகள் கைகொடுக்காதவர்கள்தான் அதில் சேர்ந்தார்கள். 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுமையாகச் சீரானது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில், இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் 83 சதவிகிதத்தினர் 10 வருடங்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

இப்போது டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப், போனாட்டினிப், அசிமினிப் என அடுத்தடுத்த மருந்துகளும் வந்துவிட்டன. ஒரு மருந்துக்கு நோய் அடங்கவில்லை என்றாலோ, பக்க விளைவு தாங்க முடியவில்லை என்றாலோ, இன்னொன்றுக்கு மாறலாம்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இந்த மாத்திரைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இமாட்டினிப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-ல் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் அதை நிராகரித்தது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால், அது நோயைக் குணப்படுத்துவதில் கூடுதல் பலன் தர வேண்டும் என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இது ஏன் முக்கியம்? அன்றைய செய்திகளின்படி, ஒரு மாதத்துக்கான ஒரிஜினல் மாத்திரையின் விலை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மாத்திரை சுமார் 8,000 ரூபாய். அந்த நிறுவனம் இந்திய நோயாளிகள் பலருக்கு மருந்தை இலவசமாகவும் கொடுத்துவந்தது உண்மை. ஆனால், இலவசத்தை நம்பியிருக்காமல் கடையில் வாங்கக்கூடிய விலையில் மருந்து கிடைப்பது வேறு விஷயம். ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்கும் மாத்திரைக்கு விலைதான் பாதி வைத்தியம். இன்று இமாட்டினிப் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது.

'நல்லாத்தானே இருக்கேன்?'

இப்போது மெயின் மேட்டருக்கு வருவோம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ரத்த எண்ணிக்கை சீராகும். களைப்பு போகும். மண்ணீரல் சுருங்கும். ஆறு மாதத்தில் நோயாளிக்கே தன் நோய் மறந்துவிடும். அப்புறம்தான் இந்தப் பேச்சுகள் வரும்: 'நார்மல் ஆயிடுச்சே, எதுக்கு இன்னும்?', 'கல்யாண வீட்டுல மாத்திரையை எல்லார் முன்னாடியும் எப்படிப் போடுறது?', 'இந்த மாசம் கை கொஞ்சம் டைட், அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.'

ப்ளக் பாயின்ட்டை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். இமாட்டினிப் ஸ்விட்ச்சை ரிப்பேர் செய்வதில்லை, அடைத்து மட்டுமே வைக்கிறது. மருந்து உடம்பிலிருந்து வெளியேறினால் மோட்டார் திரும்ப ஓடும். போதாக்குறைக்கு, கோளாறான ஸ்டெம் செல்கள் சில மஜ்ஜைக்குள் அமைதியாகப் பதுங்கியிருக்கும். மருந்து விட்டுவிட்டு வரும்போது அவை பெருகும். பெருகும்போது அந்த ப்ளக் பாயின்ட்டின் வடிவமே மாறிப்போன செல்கள் உருவாக வாய்ப்பு கூடும். பிறகு அதே மாத்திரை அதில் உட்காராது.

எத்தனை மாத்திரை விட்டால் பிரச்னை? லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. இமாட்டினிப் எடுத்துவந்த 87 பேரின் மாத்திரை பாட்டில் மூடியில் சிப் பொருத்தி, எப்போதெல்லாம் திறக்கிறார்கள் என்று மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். 90 சதவிகிதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில், ஆறு வருடத்தில் நோய் நல்ல கட்டுப்பாட்டுக்கு வரும் வாய்ப்பு 94.5 சதவிகிதம். அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 28.4 சதவிகிதம்தான்.

90 சதவிகிதம் என்பது பள்ளிக்கூடப் பரீட்சையில் நல்ல மார்க். இங்கே அதன் அர்த்தம், மாதத்துக்கு மூன்று மாத்திரையை விடுவது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

ரத்த எண்ணிக்கை நார்மல் என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒட்டு ஜீன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் உண்மையான ஸ்கோர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஆர்.டி-பி.சி.ஆர் அதைச் சதவிகிதத்தில் சொல்லும்.

* 3 மாதத்தில்: 10 சதவிகிதம் அல்லது அதற்குக் கீழ்
* 6 மாதத்தில்: 1 சதவிகிதம் அல்லது அதற்குக் கீழ்
* 12 மாதத்தில்: 0.1 சதவிகிதம் அல்லது அதற்குக் கீழ்

இலக்குக் கொஞ்சம் தள்ளிப்போனால் உடனே தோல்வி என்று அர்த்தமில்லை. டோஸை மாற்றலாமா, மருந்தை மாற்றலாமா என்று டாக்டர் முடிவெடுப்பார். அதற்கு அவருக்குத் தெரிய வேண்டிய முதல் தகவல், நீங்கள் எத்தனை நாள் மாத்திரையை விட்டீர்கள் என்பது. திட்டுவாரோ என்று மறைக்காதீங்க. விட்டதை மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் வேறு மருந்துக்கு மாற்றிவிடக்கூடும்.

பக்க விளைவுகளும் சாப்பாடும்

இமாட்டினிப்பில் குமட்டல், தசைப்பிடிப்பு, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம் ஆகியவை சகஜம். நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்குத் தோல் கொஞ்சம் வெளுப்பதும் உண்டு. 'கலர் ஆயிட்டியே' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் போட்டால் குமட்டல் குறையும்.

நிலோட்டினிப் காப்ஸ்யூல் இதற்கு நேர் எதிர். போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும், போட்ட பிறகு ஒரு மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. டாசாட்டினிப் எடுப்பவர்களுக்கு மூச்சு வாங்கினால், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அசிடிட்டி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, நாட்டு மருந்து, பொடி, லேகியம் எதுவாக இருந்தாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சில மருந்துகள் இந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் கூட்டும், சில குறைத்துவிடும்.

கல்யாணம், குழந்தை?

தாராளமாக. ஆனால், பிளான் பண்ணணும். இந்த மாத்திரைகள் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். அதனால் பெண்கள் மாத்திரை எடுக்கும் காலத்தில் கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால், முன்கூட்டியே டாக்டரிடம் பேசி, நோய் ஆழமான கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகு மருந்தை நிறுத்தியோ, இன்டர்ஃபெரானுக்கு மாறியோ வழி தேடலாம். நீங்களாக நிறுத்திவிட்டு அப்புறம் சொல்வது ஆபத்து. மாத்திரை எடுக்கும்போதே தாய்ப்பால் கொடுப்பதும் கூடாது. இமாட்டினிப் எடுக்கும் ஆண்கள் அப்பாவாக இருப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. இருந்தாலும் அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நிறுத்தவே முடியாதா?

சிலரால் முடியும். பல வருடங்கள் மருந்து எடுத்து, ஒட்டு ஜீன் கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாத அளவில் இரண்டு வருடங்களுக்கு மேல் நீடித்தவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 750-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வருடங்களுக்குப் பிறகும் மருந்து இல்லாமலே இருந்தார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே ஒட்டு ஜீன் தலைகாட்டியது. மறுபடி மாத்திரை தொடங்கியதும் பெரும்பாலும் அடங்கியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் நிறுத்தியது டாக்டரின் கண்காணிப்பில், ஆரம்பத்தில் மாதம் தவறாமல் டெஸ்ட் எடுத்துக்கொண்டு. அப்படி நிறுத்தும் நிலைக்கு வர ஒரே வழி, அதற்கு முந்தைய வருடங்களில் ஒரு நாள்கூட விடாமல் போட முயல்வதுதான். மாத்திரையிலிருந்து விடுதலை வேண்டும் என்றால், முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போடணும்.

இதை மட்டும் மறக்காதீங்க!

* தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். மொபைலில் அலாரம் வையுங்கள்.
* ஒருநாள் மறந்துவிட்டால், மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். அடுத்த வேளைக்கு உள்ளதை மட்டும் போடுங்கள்.
* பத்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கானதை வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது நான்கு நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.
* பணம்தான் பிரச்னை என்றால், வெட்கப்படாமல் டாக்டரிடமும் மருத்துவமனை சமூகப் பணியாளரிடமும் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை, காப்பீட்டுத் திட்டம், ஜெனரிக் மருந்து என்று வழிகள் இருக்கின்றன. மாத்திரையை நாள்விட்டு நாள் போட்டு மிச்சம் பிடிப்பது வழி இல்லை.
* உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இந்த நோய் இருந்தால், 'பார்க்க நல்லாத்தானே இருக்க, எதுக்கு இவ்வளவு மாத்திரை?' என்று கேட்காதீர்கள். 'இன்னிக்குப் போட்டியா?' என்று கேளுங்கள்.

9-ம் 22-ம் குரோமோசோம்கள் மாறி ஒட்டியதன் நினைவாக ஒவ்வொரு வருடமும் ஒன்பதாவது மாதம் 22-ம் தேதி, அதாவது செப்டம்பர் 22, உலக சி.எம்.எல் தினமாக அனுசரிக்கப்படுகிறது. இந்த வருடம் அந்தத் தேதியில், மாத்திரை போடும் உங்கள் நண்பருக்கு ஒரு போன் பண்ணுங்கள்.